மட்கார்டில் இரண்டு தட்டு

“ஃபர்ஸ்ட் போடு பிள்ளே” என்று திறந்து கிடந்த பானெட்டுக்கு அந்தப் பக்கமிருந்து மெக்கானிக் காஜா பாயின் குரல் வந்தது. மேபல் கிளட்சை மிதித்துப் போட்டாள். போட்டாளா போடவில்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே அகப்பைக் காம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த கியர் கம்பி, பல் விழுந்த இடத்தை நாக்கு துழாவுகிற மாதிரி அங்கேயும் இங்கேயும் துழாவி, எதிலோ இடறி, சும்மா நின்றது. “இப்ப எப்பிடி? முன்னைக்கு இப்ப தேவலையா?” “தெரியல பாய்.” “தெரியலன்னா எப்பிடி? சின்னப் பிள்ளையில இருந்து இந்த வண்டியிலதான போற, வாற?” போகிறாள் வருகிறாள்தான், ஆனால் இந்த சீட்டில் இல்லை. முன்னைக்கு இப்ப தேவலையா. நாள் முழுக்க அவள் மற்றவர்களிடம் கேட்கிற கேள்வி அல்லவா அது. கண்ணாடிக் கடையின் பின்னறையில் விளக்கை அணைத்துவிட்டு, எதிர்ச் சுவரில் எழுத்துகள் மட்டும் வெளிச்சமாக நிற்க, ஒவ்வொரு வில்லையாக மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா, முன்னைக்கு இப்ப எப்படி என்று கேட்பாள். சிலர் பதறிவிடுவார்கள், ஏதோ பரீட்சை போல. தெரியலையே தாயி, ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு என்பார்கள். அவசரமில்லை, மெதுவாகப் பாருங்கள் என்பாள் அவள். அந்த இருட்டறையில் அவளுக்குக் கூச்சம் கிடையாது. அங்கே யாரும் அவளைப் பார்ப்பதில்லை, எழுத்தைப் பார்ப்பார்கள். இங்கே, மேலப்பாளையத்துப் பட்டப்பகல் வெயிலில், ரோட்டைப் பார்த்துத் திறந்து கிடக்கும் ஷெட்டில், அக்கா ரூபி உட்காருகிற சீட்டில் உட்கார்ந்திருப்பது துணி மாற்றிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்த மாதிரி இருந்தது. ரூபியின் கனத்துக்குப் பள்ளம் விழுந்த ரெக்ஸின். அந்தப் பள்ளத்தில் இவள் ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குச் சரிந்தாள். கிளட்சு எங்கேயோ தூரத்தில் இருந்தது. சீட்டின் நுனிக்கு வந்து, முட்டாக்கை விலக்கிக் கிணற்றை எட்டிப் பார்ப்பவள் மாதிரி கழுத்தை நீட்டினால்தான் கால் எட்டியது.

திங்கட்கிழமை ரூபி தர்மபுரிக்குப் போகிறாள். பிரின்சிபால் ஆக்கிப் போட்டிருக்கிறார்கள். கெமிஸ்ட்ரி லேபின் கந்தக வாடையோடு சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து, “ஏட்டி, சுக்குக் காப்பி இருக்கா, சாக்கடைத் தண்ணியாட்டம் ஒண்ணு போட்டு வச்சிருப்பியே, அது” என்று கேட்கிற அக்கா இனி இருக்கப்போவதில்லை. இவளும் அம்மாவும், அம்மாவின் இன்சுலின் ஊசியும். போறதுக்கு முன்னால கியரச் சரி பண்ணிரணும், எனக்கு நேரமில்ல, சனிக்கிழமை நீ போய் நில்லு என்று ரூபி சொன்னபோது மேபலுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வண்டியும் போகிறது. போகாமல்? அது ரூபியின் கார். அப்பாவுக்குப் பிறகு அதை எல்லோருமே அப்படித்தான் சொல்வார்கள், சர்ச் வாசலில் கூட, ரூபி கார் வந்துட்டுதா என்று. தர்மபுரியில் ரூபிக்குப் பக்கத்தில் இறங்கிப் பானெட்டைத் தூக்க ஆள் கிடையாது. அதனால் கியரைச் சரி பண்ண வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று ஒரு வாரமாக மேபல் தன்னையே கேட்டுப் பார்த்தாள். சளி பிடித்த மாதிரி மூக்கு அடைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

முதன்முதலில் கியர் மாட்டிக்கொண்டது ஜங்ஷன் மேம்பாலத்தில். அப்பா ஓட்டினார். ஈபியில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்த அப்பா, வேலைநாளெல்லாம் காக்கியில் கிடந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெள்ளைச் சட்டை போட்டு இந்த பியட்டை ஓட்டுவார். பாலத்தின் ஏற்றத்தில் முன்னால் ஒரு லாரி நின்றது, அப்பா நிறுத்தினார், திரும்பக் கிளம்ப கியர் விழவில்லை. ஹேண்ட் பிரேக் அப்போதே பேருக்குத்தான் இருந்தது. அப்பா பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி உருண்டு பின்னால் நிற்கிற பஸ்ஸின் மூக்கில் போய் முட்டும். “யாராவது ஒருத்தி இறங்குங்கட்டி” என்றார். முன்சீட்டில் ரூபி, புதுப் பாவாடை சட்டையில். “எப்பா, கரி ஒட்டிரும்” என்றாள். அப்படித்தான் பின்சீட்டிலிருந்து இவள் இறங்கினாள், வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கட்டிலுக்கடியில் போய் ஒளிகிற பிள்ளை, ஜங்ஷன் மேம்பாலத்தின் நட்ட நடுவில், ஊரே ஹாரன் அடிக்க. அப்பா ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினார். “ஸ்டியரிங் தண்டுக்குக் கீழ ரெண்டு கம்பி இருக்கும். ஒண்ணு சொன்ன பேச்சு கேக்கும், இன்னொண்ணு வீம்புக்கு நிக்கும். அந்த வீம்புக்காரிய அமுக்கு.” தலையை உள்ளே விட்டாள். உள்ளே இருந்த ஆச்சரியம் இன்றைக்கும் அவளுக்கு மறக்கவில்லை. சத்தமெல்லாம் சட்டென்று வெளியே போய்விட்டது. சூடும் எண்ணெய் வாடையும் இருட்டுமாக ஒரு சின்ன அறை. அங்கே இரண்டு கம்பிகள், ஒன்று நேராக, ஒன்று கொஞ்சம் தலை திரும்பி. அமுக்கியதும் ‘களக்’ என்று இறங்கியது. ஆச்சு என்று அப்பாவிடம் சொல்ல வேண்டும். இத்தனை பேர் முன்னால் வாயைத் திறந்து கத்தக் குரல் வரவில்லை. கையால் மட்கார்டில் இரண்டு தட்டு தட்டினாள். டொக், டொக். உள்ளேயிருந்து அப்பா சின்னதாக ஒரு ஹாரன் அடித்தார். விளங்கிற்று என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு இவளுக்கு அது வேலையாகிவிட்டது. அப்பா கண்ணை மூடினபின் ரூபி ஸ்டியரிங்குக்கு வந்தாள், இவள் பின்சீட்டிலிருந்து முன்சீட்டுக்கு வந்தாள், தட்டும் ஹாரனும் மட்டும் மாறவில்லை. ரூபி “ஏட்டி” என்று ஆரம்பிக்கும்போதே இவளுடைய ஒரு கால் ரோட்டில் இருக்கும். கம்பி இடறுகிற சத்தம் அதற்கு முன்பே உள்ளங்காலில் வந்துவிடும். முருகன்குறிச்சியில், சமாதானபுரத்தில், மழையில், உச்சிவெயிலில், கல்யாணத்துக்குப் போகிற பட்டுச்சேலையைச் செருகிக்கொண்டு. ஒருமுறை வண்ணார்பேட்டையில் ஒரு ஆட்டோக்காரர் தலையை நீட்டி, “அக்கா டிரைவர், தங்கச்சி மெக்கானிக்கா? யம்மா, வண்டிய ஓரங்கட்டிட்டு நடந்து போனா வெரசாப் போயிரலாம்” என்றார். ரூபி விடுவாளா. “ஒம்ம ஆட்டோல ஏறுனாலும் பாதி வழி நடக்கத்தான வேண்டியிருக்கு அண்ணாச்சி” என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், ஆட்டோக்காரரும் சிரித்தார், பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு யாருக்கும் தெரியாமல் மேபலும் சிரித்தாள். மேபலைப் பெண் பார்க்க வந்து, அம்மன்புரத்துக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பின அன்று, ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ரூபி இவளுடைய நாற்காலியின் முதுகில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் தன் தட்டை எடுத்துக்கொண்டாள். ஹாரனுக்குப் பதிலாக இவள் ‘ம்’ என்றாள். இதையெல்லாம் தர்மபுரியில் யாரிடம் தட்டுவாள்? தட்ட மாட்டாள், ரூபிக்கு நூறு ஆள் கிடைப்பார்கள், அவள் வாய்க்கு. அதுதான் பயம். கியர் மாட்டிக்கொள்கிற வரைக்கும்தான் அந்த இடதுபக்க சீட்டில் ஒரு ஆள் வேண்டும். மாட்டாத வண்டியில் மேபலுக்கு என்ன வேலை?

“இந்தா பாரு கூத்த!” என்று காஜா பாய் நிமிர்ந்தார். மருதாணி போட்ட தாடியில் கிரீஸ். கியர் ராடுகள் இரண்டையும் கழற்றி மட்கார்டின் மேல் விரித்த பழைய பேப்பரில் வைத்திருந்தார். “இந்த மூட்டுல இருக்க வேண்டியது புஷ், ராடு ஆடாமப் பிடிக்கிற வளையம். உங்க வண்டியில புஷ்ஷத் தவிர மத்த எல்லாம் இருக்கு. இது சைக்கிள் டியூபு. இது என்னது, பெல்ட்டா?” அப்பாவின் பழைய பெல்ட். வெட்டித் துண்டாக்கி அப்பாதான் திணித்தார், அம்மா திட்டத் திட்ட. ஒரு துண்டு, ஆள் போன பின்னும், இத்தனை வருஷம் அங்கே இருந்திருக்கிறது, எண்ணெயில் ஊறி, தோல் மாதிரியே இல்லாமல், வெல்லப்பாகு மாதிரி. “இன்னும் இருக்கு, பொறு. இது பொம்பளப் பிள்ளைய தலையில போடுறதுல்லா?” கறுப்பு ரப்பர் பேண்டு. இவளுடையது. திருச்செந்தூர் ரோட்டில், மழையில், செய்துங்கநல்லூருக்கு இந்தப் பக்கம் ராடு கழன்று தொங்கியபோது ரூபி இறங்கிவந்து இவள் ஜடையிலிருந்து உருவினாள். அன்றைக்கு மட்டும்தான் இருவரும் ஒன்றாகப் பானெட்டுக்குள் தலையை விட்டார்கள். தலையோடு தலை முட்டியது. ரூபியின் கூந்தலிலிருந்து மழைத்தண்ணீர் சூடான இஞ்சினில் சொட்டிச் சொட்டிச் சீறியது. “ஏட்டி, நம்ம ரெண்டு பேரும் செத்தா இந்த வண்டியில வச்சே பொதைச்சிருவானுவ” என்றாள் ரூபி. “ஒரு கியரு போட ஒரு குடும்பமே வேணும்னா அது வண்டியா பிள்ளே, தேரு” என்றார் காஜா பாய் இப்போது, தன் பகடியைத் தானே ரசித்துக்கொண்டு. இந்த வண்டிக்குச் சாமான் இப்போது எங்கேயும் வருவதில்லை என்று போன வாரம் அவர் சொன்னபோது அவளுக்குள் ஒரு வெளிச்சம் வந்தது. சாமான் இல்லையென்றால் வேலை இல்லை. ஆனால் அவர் அடுத்த தெரு லேத்துக்காரர் செல்லையாவிடம் கொடுத்துப் பித்தளையில் கடைந்து வாங்கிவிட்டார். இதோ, இரண்டு புஷ், புது மோதிரங்கள் மாதிரி, பேப்பரின் மேல். “செல்லையாகிட்ட சண்ட போட்டு வாங்குனேன். சிவகாசிக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பிட்டான், போனா அடுத்த வாரந்தான் கடைய தெறப்பான். நான் போய் அஸர் தொழுதுட்டு வாரேன். ராடத் தொடாத, பிசுக்கு அப்பிக்கும்” என்று கையைத் துடைத்துக்கொண்டு அவர் போனார்.

ராடை அவள் தொடவில்லை. இறங்கி வந்து, புஷ்களில் ஒன்றைத்தான் எடுத்தாள். சும்மா பார்க்கத்தான். உள்பக்கம் லேத்தின் கோடுகள் நுணுக்கமாக, விரல் ரேகை மாதிரி ஓடின. கண்ணில் வைத்துப் பார்த்தாள், பழக்கம், எதைக் கொடுத்தாலும் கண்ணில் வைத்துப் பார்ப்பது. வளையத்துக்குள் எதிர்த்த டீக்கடை, கம்பத்தில் ஒரு காக்கை, பீடிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு நடந்து போகிற ஒரு பெண். தெளிவாகத்தான் இருந்தது. உள்ளங்கையில் வைத்து மூடினாள். முதலில் சில்லென்று இருந்தது, பிறகு கை சூட்டுக்கு வந்தது, பிறகு கைக்குள் ஒன்று இருப்பதே தெரியாத மாதிரி ஆனது. இது இல்லாவிட்டால் இன்று வேலை முடியாது. அடுத்த வாரம்தான். ரூபி திங்கட்கிழமை ரயிலில் போவாள், வண்டி இங்கே நிற்கும், வண்டியை எடுக்க ரூபி திரும்ப வருவாள். வந்தால் ஒரு நாள், இரண்டு நாள் இருப்பாள். சுக்குக் காப்பி கேட்பாள். அப்புறம்? அப்புறத்தை யார் கண்டது. ஓடை ஓரமாகத்தான் ஷெட், ஒரு வீச்சு வீசினால் போதும். சே, வீச வேண்டாம், கையிலேயே இருக்கட்டும், பையில் போய்விடட்டும், வண்டிக்குள்ளேயே எங்காவது உருண்டதாக இருக்கட்டும். களவாணித்தனம் என்று அம்மாவின் குரலில் ஒன்று சொன்னது. அக்கா சம்பாதித்து அக்கா போகிறாள், உனக்கென்ன பொறாமை என்று இன்னொன்று. பொறாமை இல்லை அம்மா, இல்லை, கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்கிறதுதான் இது, அதே ஒளிதல், முப்பத்தைந்து வயசில் கட்டிலுக்கடியில் இடம் பற்றவில்லை, ஒரு பித்தளை வளையத்துக்குள் ஒளிகிறேன். பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். மேபல் கையை மூடியபடியே ஓடிப்போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்ததே திருட்டு முழியாக இருந்திருக்கும்.

வந்தவர் பேப்பரைப் பார்த்தார். பேப்பரைத் தூக்கி அடியில் பார்த்தார். “ரெண்டுல்ல வச்சேன்?” மண்டியிட்டு வண்டிக்கடியில் பார்த்தார். “பூனை கீனை வந்துச்சா? பித்தளையத் திங்கிற பூனை எங்க ஊர்ல கெடையாதே.” மேபலுக்கு மூடிய கைக்குள் வேர்த்தது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சட்டைப்பையைத் தடவி, தொப்பியைக் கழற்றிக் கூடப் பார்த்தார். “செல்லையா பஸ்ஸு ஏறியிருப்பானே. இனி ரூபி டீச்சருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? காலையிலயும் போனு போட்டாவ. பாய், சாயந்தரம் என் தங்கச்சி கையில சாவியக் குடுத்து அனுப்பிரணும், அவளே ஓட்டிட்டு வரட்டும், எங்கம்மைய ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போக அவளுக்குத்தான் இனி வண்டி, நான் ரயில்ல போறவ, எனக்கு எதுக்குன்னாவ. சீட்ட முன்னால தள்ளணும், அவளுக்குக் காலு எட்டாதுன்னாவ. ஹேண்ட் பிரேக்க இறுக்கணும், தனியா நிக்கப்போற பிள்ளைன்னாவ. அதெல்லாம் செஞ்சிரலாம், புஷ்ஷு எங்கெ?” அவர் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மேபலுக்குக் காதுக்குள் ஹாரன் அடிப்பது போலிருந்தது. அவளுக்குத்தான் வண்டி. ஒரு வாரமாக ரூபியின் தர்மபுரி வீட்டு வாசலில் இவள் மனசுக்குள் நிறுத்திப் பார்த்த வண்டி, நிறுத்தி நிறுத்தி அழுத வண்டி. என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் இவள் மாட்டேன் என்றிருப்பாள். எனக்குப் பயம் என்றிருப்பாள், ஆட்டோ போதும் என்றிருப்பாள். அது ரூபிக்குத் தெரியும். லைசென்சுக்கு இவளை இழுத்துக்கொண்டு போனதும் அப்படித்தான், காய்கறி வாங்க என்று சொல்லி. ஆக, கழற்றி விடுகிறாள். கையைப் பிடித்து நடத்தினவள் விரல் விரலாகக் கையை எடுக்கிறாள். கோபம் வந்தது, அதன் மேல் வேறொன்று வந்து கோபத்தை மூடியது. “பாய்” என்றாள். கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டித் திறந்தாள். உள்ளங்கையில் வளையம் வட்டமாகப் பதிந்து சிவந்திருந்தது. காஜா பாய் கையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். “பூனை ஆம்பிட்டுட்டு” என்றார். எடுத்துக்கொண்டு போய்விட்டார். 

வெயில் தாழ்ந்தபோது வேலை முடிந்தது. “இப்ப போடு” என்றார். போட்டாள். வெண்ணெயில் கத்தி மாதிரி என்று சொல்ல மாட்டாள், கத்தியே இல்லாத மாதிரி இருந்தது. “முன்னைக்கு இப்ப?” “தெளிவா இருக்கு பாய்.” “கண்ணாடிக்காரப் பிள்ளைல்லா” என்று சிரித்தார். அவள் தெருவை விட்டு மெயின் ரோட்டுக்கு வந்தாள், முதல், இரண்டு, மூன்று. லைசென்சுக்காக ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் பசுமாடுகளுக்கு நடுவே ஓட்டினது தவிர, அவளுக்கு இதுதான் முதல் ரோடு. பக்கத்து சீட் காலியாக, சின்னதாக அதிர்ந்துகொண்டே வந்தது. குலவணிகர்புரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. மூடாமல் என்றைக்கு இருந்திருக்கிறது. பின்னால் டவுன் பஸ், பக்கத்தில் சைக்கிள்கள், மீன்கூடைக்காரர், யூனிஃபார்ம் பிள்ளைகள். ரயில் தடதடத்துப் போனது. கேட் தூக்கியது. எல்லா வண்டிகளும் ஒரே மூச்சில் உறுமின. கிளட்சை மிதித்து முதல் கியர் போட்டாள். ஒரு சத்தமும் இல்லை. விழவில்லை என்று உள்ளங்கால் சொன்னது. இந்த வண்டியில் சத்தமில்லாமல் எதுவும் விழுந்ததில்லை, இடறாமல் ஒன்று நடந்ததே இல்லை. நினைப்பதற்குள் கை வேலையை ஆரம்பித்துவிட்டது. நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கதவைத் திறந்து இறங்கி, பானெட்டைத் தூக்கித் தலையை உள்ளே விட்டாள். அதே சூடு, அதே வாடை. இரண்டு கம்பிகளும் பக்கத்தில் பக்கத்தில் நேராக நின்றன. மூட்டில் பித்தளை மினுங்கியது. ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தாள். அமுக்க ஒன்றும் இல்லை. வீம்புக்காரி நேராகிவிட்டாள். “என்னம்மா, வண்டி ஸ்டார்ட்டுலதான நிக்கி? உள்ள என்னத்தத் தேடுத?” என்று யாரோ கேட்டார்கள். பானெட்டை மூடினாள். கை தானாக மட்கார்டுக்குப் போய்த் தட்டியது. டொக், டொக். தட்டிவிட்டு நின்றாள், எதற்கு நிற்கிறோம் என்று தெரிவதற்கு முன்பே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்டியரிங் வெறுமனே இருந்தது. பின்னாலிருந்து டவுன் பஸ் ஹாரனில் பதில் சொன்னது, கேட் கம்பிகள் அதிர, மரத்திலிருந்த காக்கைகள் எழும்ப, நீளமாக. மேபல் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். இடதுபக்கக் கதவை. திறந்து, ஒரு காலை உள்ளே வைத்து, அந்தப் பக்கம் யாருமில்லாத சீட்டைப் பார்த்து நின்றாள். பிறகு காலை எடுத்தாள், கதவைச் சாத்தினாள், வண்டியின் முகத்தைச் சுற்றிக்கொண்டு, அத்தனை பேரும் பார்க்க, வலதுபக்கத்துக்கு நடந்தாள். உட்கார்ந்தாள். கால் எட்டியது. சின்னதாக ஒரு ஹாரன் அடித்தாள். பஸ்காரர் தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார், என்னமோ கத்தினார். முதல் கியர் விழுந்தது, விழுந்திருக்கும் என்று நம்பிக் கிளட்சை விட்டாள். வண்டி தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்கியது.